தட்டினால் கையை எடு

அண்ணை கண்காட்சிக்கு வருவார் என்று வினோஜன் நினைக்கவேயில்லை. வரவேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லவும் அவனுக்கு வாய் வரவில்லை.

எல்லாம் அண்ணியால் வந்தது. ஜெகதீஸ்வரி அண்ணி தையல் தொழிற்சாலையில் தன்னோடு வேலை செய்யும் ஒருத்தியிடம் கேள்விப்பட்டு வந்திருந்தார். டவுனில் பெரிய மண்டபத்தில் கம்பியூட்டர் கண்காட்சி நடக்கப்போகிறதாம், புதுப் புது விளையாட்டுகளை வைக்கிறார்களாம், யாரும் போய் விளையாடிப் பார்க்கலாமாம். வந்ததும் வராததுமாகச் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"உம்மட கொம்பனியும் அதில இருக்காமே! ஏன் எங்களுக்கு ஒரு சொல்லும் சொல்லேல்லை?"

"அது சும்மா டெமோதான் அண்ணி. ஒரு துண்டு. முழுசா முடியேல்லை. ஒரே இருட்டு வேற, பாக்க வடிவாயிராது."

"எங்கட வீட்டுப் பிள்ளை செய்த சாமான். நாங்கள் பாக்காட்டி ஆர் பாக்கிறது?"

அண்ணை குசினிக் கதிரையில் இருந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். பேரின்பநாதன் அதிகம் கதைக்கிற ஆள் இல்லை. ஹொட்டேல்களின் படுக்கை விரிப்புகளைத் தோய்க்கும் பெரிய லோண்ட்ரி ஒன்றில் வேலை. பிள்ளைகள் இல்லை. பதினாறு வயதில் கொழும்பில் ஒரு லொட்ஜில் தனியே கிடந்த தம்பியை இங்கே எடுத்து, படிப்பித்து, மொன்ட்ரியாலின் வில்லரேப் பகுதியிலுள்ள இந்த வீட்டின் முன்னறையைக் கொடுத்து வைத்திருப்பவர். பேப்பரிலிருந்து தலை நிமிராமலே சொன்னார்.

"ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவுதான். போவம்."

அந்த டெமோவில் இருப்பது அண்ணையின் கதை. அதை அவன் கேளாமல் எடுத்திருந்தான்.

அந்த வருடம் தை மாதம் ஐஸ் மழை பெய்து மரமும் மின்கம்பமும் முறிந்து விழுந்து, மொன்ட்ரியாலில் பாதிக்கு மின்சாரம் இல்லாமல் போனது. அண்ணியை நோத்ர-டாம்-த-கிரேஸில் வெளிச்சம் இருந்த ஒரு சிநேகிதி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்துவிடும் என்று அண்ணையும் அவனும் வீட்டில் நின்றார்கள். பின்னேரமே கறுத்துவிட்டது. மெழுகுதிரியை மிச்சம் பிடிக்கவேண்டும் என்று அண்ணை அணைத்துவிட்டார். இருவரும் கோட்டும் தொப்பியுமாகப் போர்வைக்குள் குந்தியிருந்தார்கள். தெருவில் ஒரு லொறி எஞ்சினை நிறுத்தாமல் உறுமிக்கொண்டு நின்றது. டீசல் மணம் யன்னல் இடுக்கால் வந்தது. அப்போதுதான், யாரும் கேட்காமல், அண்ணை தொடங்கினார்.

போலந்திலிருந்து ஜேர்மனிக்குள் போகும்போது நடந்தது. லொறியில் மரப்பெட்டிகள். பெட்டிகளுக்குப் பின்னால் படங்கை, தடித்த தார்ப்பாய்த் துணியை, இழுத்து மூடி அதற்குள் சனம். கண்ணுக்கு முன்னால் பிடித்த கை தெரியாத இருட்டு. அண்ணைக்குப் பக்கத்தில் ஒருவர். அவர் புறப்பட்டதிலிருந்து இருமிக்கொண்டே வந்தார். எல்லையில் லொறி நின்றது. வெளியில் சப்பாத்துக் காலடி, நாய், பேச்சுச் சத்தம். அவருக்கு இருமல் எழும்பியது. அண்ணை தன் கையால் அவருடைய வாயைப் பொத்தினார்.

"எவ்வளவு நேரம் எண்டு தெரியாதடா. கன நேரம். ஒருக்கா அவர் என்ர கையைத் தட்டினவர். மெல்லமா, புறங்கையில, ரெண்டு மூண்டு தரம். குழந்தையைத் தட்டுறமாதிரி."

"பேந்து?"

"பேந்து லொறி வெளிக்கிட்டுது. நான் கையை எடுத்தன். அவர் இருமேல்லை. நித்திரையாக்கும் எண்டு நினைச்சன். விடியப் படங்கைத் தூக்கேக்கைதான் அவற்ர முகத்தையே கண்டனான். போயிட்டார். மற்றச் சனம் குளிரும் நெஞ்சு வருத்தமும் எண்டு சொல்லிச்சினம். நானும் ஓமெண்டன்."

இருட்டில் அண்ணையின் முகம் தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது.

"அந்தாள் 'விடு' எண்டு தட்டினவரோ, 'பரவாயில்லை, பிடிச்சுக்கொள்' எண்டு தட்டினவரோ, இண்டைவரைக்கும் எனக்குத் தெரியேல்லை. அண்ணிக்கும் சொல்லேல்லை. ஆருக்கும் சொல்லிப்போடாதை."

"ஓம் அண்ணை" என்றான் வினோஜன்.

அந்த ஓம் ஒரு கோடைகாலம்கூடத் தாங்கவில்லை.

அவனுடைய கொம்பனி சென்-லோரோன் தெருவில், முன்பு உடுப்புத் தைத்த ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தது. பத்துப்பேர்வரை இருந்தார்கள். பற்றிக் என்பவன்தான் முதலாளி. கெட்டிக்காரன், நல்லவன், எப்போதும் கையில் கோப்பிக் கோப்பை. அவர்கள் செய்துகொண்டிருந்த விளையாட்டின் பெயர் 'லா பாஷ்'. பிரெஞ்சில் படங்கு என்று அர்த்தம். நாட்டைவிட்டு ஓடுகிற ஒருவனாக நீங்கள் ஒரு லொறியில் ஒளித்துப் போகவேண்டும். அது பற்றிக்கின் யோசனை. தமிழ்ச் சனத்தை நினைத்துச் செய்ததல்ல. எங்கோ ஒரு நாடு, யாரோ ஒருவன்.

டெமோவின் முதல் துண்டு முடிந்ததும் வெளியாட்களைக் கூப்பிட்டு விளையாடவிட்டார்கள். எல்லாரும் ஒரே குறையைத்தான் சொன்னார்கள். கிராஃபிக்ஸ் போதாது. அந்தக் காலம் அப்படி. புதிய கிராஃபிக்ஸ் கார்ட்டுகள் வந்து, விளையாட்டுகளில் தண்ணீர் மினுங்கத் தொடங்கியிருந்தது. வண்ணக் கண்ணாடி யன்னலால் வெளிச்சம் நிலத்தில் நிறம் நிறமாக விழும். அதைப் பார்த்த கண்ணுக்கு இவர்களுடைய மனிதர்கள் விறகுக் கட்டைகள்போலத் தெரிந்தார்கள். அதனால்தான் பற்றிக் எல்லாவற்றையும் இருட்டாக்கினான். இருட்டில் எல்லாரும் அழகுதானே என்று பகிடியும் விட்டான். ஆனால் வெறும் இருட்டைச் சனம் எவ்வளவு நேரம் பார்க்கும்? ஒரு மாணவன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "திரை பழுதாப் போச்சோ?" என்று உண்மையாகவே கேட்டான்.

கூட்டம் போட்டார்கள். ஒலிகளைப் பார்க்கும் றோசா சொன்னாள்: "சத்தம் நல்லாத்தான் இருக்கு. பிழை அதில்லை. விளையாடுறவரின் காது லொறிக்குள்ளே போகுது, கை வெளியிலே நிக்குது. கைக்கு ஒரு வேலை கொடுங்கோ."

பற்றிக் நெற்றியைத் தேய்த்தான். வினோஜன் அங்கே வேலைக்குச் சேர்ந்து கொஞ்சக் காலம்தான். பிழை தேடுகிற வேலை. அப்படிப்பட்ட கூட்டங்களில் வாய் திறக்காதவன் அன்றைக்குத் திறந்தான்.

"பக்கத்தில் ஒருவர் இருமிக்கொண்டு வந்தால்?"

எல்லாரும் திரும்பினார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அத்தனை கண்கள் தன்னில் நிற்கிற சுகம் அவனுக்குப் புதிது. "வெளியில் காவல்காரர். உங்கள் கையால் அவருடைய வாயைப் பொத்தவேணும். பட்டனை அமத்திப் பிடிச்சால் பொத்தும்."

பற்றிக் கோப்பையைக் கீழே வைத்தான். "பிறகு?"

"கூட நேரம் பிடிச்சால் ஆள் செத்துப்போகும். நேரத்துக்கு முதல் விட்டால் எல்லாரும் பிடிபடுவினம்."

"எப்போது விடவேணும் என்று எப்படித் தெரியும்?" என்று றோசா கேட்டாள்.

"அவர் கையைத் தட்டுவார்" என்றான் வினோஜன். "தட்டினால் கையை எடுக்கவேணும்."

எங்கேயிருந்து இதைப் பிடித்தாய் என்று பற்றிக் வியந்து கேட்டபோது, சும்மா யோசித்தேன் என்றான். பெயர் சொல்லவில்லை, ஊர் சொல்லவில்லை, யாருடைய கதை என்று யாருக்கும் தெரியாது என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டான். ஆனால் பெயரைவிடப் பெரிய ஒன்றை அவன் மாற்றியிருந்தான். அண்ணை சொன்னது 'தெரியாது' என்று. விளையாடுகிறவனுக்குத் தெரியாது என்று சொல்லமுடியாது. அவனுக்கு ஒரு விதி வேண்டும். அந்த விதியை வினோஜனே எழுதினான். தட்டும் சத்தத்தை றோசா அவனுடைய புறங்கையில் தட்டித்தான் பதிவு செய்தாள்.

அடுத்த தரம் வந்து விளையாடியவர்களில் ஒருவர்கூடக் கிராஃபிக்ஸைப் பற்றிக் கேட்கவில்லை. ஒரு பெண் பாதியில் ஹெட்போனைக் கழற்றிவிட்டு மூச்சு வாங்க வெளியே போனாள். பற்றிக் வினோஜனைக் கட்டிப்பிடித்தான். இனிமேல் நீ பிழை தேடவேண்டாம், எங்களோடு இருந்து விளையாட்டைக் கட்டு என்றான். அன்றைக்கு வினோஜன் சந்தோஷத்தில் மெட்ரோவை விட்டுவிட்டு வீடுவரைக்கும் நடந்தே வந்தான். பிற்காலத்தில் அவனை மிகவும் சுட்டது அந்த நடைதான்.

கண்காட்சி ஞாயிற்றுக்கிழமை அண்ணையும் அண்ணியும் கோவிலுக்குப் போகிற உடுப்பில் வந்து நின்றார்கள். மண்டபம் முழுக்கச் சத்தமும் நிறமும். வாசலுக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய கொம்பனி சுவர் அளவு திரையில் ஒரு ஏரியைக் காட்டிக்கொண்டிருந்தது. அலை புரள, சூரியன் அதில் உடைந்து மினுங்கியது. அண்ணை அப்படியே நின்றுவிட்டார்.

"இது உங்கடையோ தம்பி?"

"இல்லை அண்ணை. இது அமெரிக்கக் கொம்பனி."

"நல்ல வடிவு. தண்ணியைத் தொடலாம்போல கிடக்கு."

"நீங்கள் இதை விளையாடிப் பாருங்கோவன் அண்ணை. வரிசை அவ்வளவு இல்லை. நான் கேட்டுவிடுறன்." அவர்களை அந்த ஏரிக்கரையிலேயே நிறுத்தி, அப்படியே வீட்டுக்கு அனுப்பிவிட முடியாதா என்று அவன் மனம் பதறியது.

"இதுக்கே வந்தனாங்கள்?" என்று அண்ணி அவனுடைய முழங்கையைப் பிடித்து இழுத்தார். "உம்மட சாமானைக் காட்டும்."

அவர்களுடைய இடம் ஒரு மூலையில், கறுப்புத் திரை கட்டி ஒரு சின்ன அறைபோல இருந்தது. வந்திருப்பது வினோஜனின் வீட்டாட்கள் என்று அறிந்ததும் பற்றிக் "போன்ஜூர் மடாம்" என்று குனிந்து வரவேற்று, அண்ணியைக் கதிரையில் இருத்தி, ஹெட்போனைத் தானே மாட்டிவிட்டான். வினோஜனுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. சத்தம் ஹெட்போனுக்குள்தான். அண்ணைக்குக் கேட்காது. திரையில் காணவும் ஒன்றுமில்லை.

பற்றிக் கையை நீட்டி, சுற்றி நிற்பவர்களும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைத் திருகிவிட்டான்.

லொறி எஞ்சின் உறுமியது.

"ஐயோ, என்ன இது ஒண்டும் தெரியேல்லை" என்று அண்ணி உரக்கச் சொன்னார். "இதென்ன, மனிசரோ? மரக்கட்டை மாதிரிக் கிடக்கு. தம்பி, அந்த ஏரிக்காரரிட்டைப் போய்க் கொஞ்சம் பழகும்." பக்கத்தில் நின்ற இரண்டொரு தமிழ் ஆட்கள் சிரித்தார்கள். பிறகு அண்ணி கதைப்பது குறைந்தது. பிறகு கதைக்கவேயில்லை. தோள் இரண்டும் ஒடுங்கி, தலை திரைக்குக் கிட்டப் போய்விட்டது.

இருமல் கேட்டது. லொறி நின்றது. வெளியில் சப்பாத்துக் காலடி வந்தது. நாய் குரைத்தது. பட்டனை அமத்திய அண்ணியின் விரல் வெளிறியது.

வினோஜன் அண்ணையைப் பார்க்கக்கூடாது என்று நினைத்தான். பார்த்தான். அண்ணை திரையைப் பார்க்கவில்லை. ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கூப்பிட்டது யார் என்று தெரியாமல் திரும்பிப் பார்க்கிறவரின் முகம்.

பிறகு அந்தத் தட்டல் வந்தது. மெல்லமாக, தோலில் தோல் படும் சத்தம்.

அண்ணி அந்தக் கணமே விரலை எடுத்தார். மூச்சு இழுபடும் ஓசை. காலடிகள் தூரப் போயின. லொறி புறப்பட்டது. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். அண்ணி ஹெட்போனைக் கழற்றி, சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தார்.

"அம்மாடி, நெஞ்சு இடிக்குது. படமெண்டு ஒண்டுமில்லை. ஆனா நான் இஞ்சை இருந்தனானோ அங்கை இருந்தனானோ எண்டு தெரியேல்லை."

பக்கத்தில் யோசெப் என்கிற ஒரு நிருபர், கம்பியூட்டர் சஞ்சிகைக்கு எழுதுபவர், நின்றுகொண்டிருந்தார். வினோஜனிடம் பிரெஞ்சில் கேட்டார்: "முதல் தரத்திலேயே அந்த மனிதரைக் காப்பாற்றியது இந்த மடாம்தான். எப்போது கையை எடுக்கவேணும் என்று எப்படித் தெரிந்ததாம்?"

வினோஜன் தமிழில் கேட்டான். கேட்காமல் தப்ப வழி இருக்கவில்லை.

"இதில என்ன இருக்கு?" என்று அண்ணி சிரித்தார். "மனுசன் கையைத் தட்டுறான். விடு எண்டுதானே அர்த்தம். சின்னப்பிள்ளைக்கும் விளங்குமே!"

யோசெப் பேனையோடு காத்து நின்றார். வினோஜன் அதைப் பிரெஞ்சில் சொன்னான். சொல்லுக்குச் சொல், சின்னப்பிள்ளை உட்பட. பின்னால் அண்ணை நின்றார்.

திரும்பியபோது அண்ணை கோட்டுப் பைக்குள்ளிருந்து கையுறைகளை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தார். அந்த மண்டபத்துக்குள் வேர்த்துக் கொட்டுகிற சூடு. விரல் விரலாக, அவசரமில்லாமல் மாட்டினார்.

"நான் வெளியில நிக்கிறன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கும் அடுத்தடுத்த நாட்களும் வீட்டில் சண்டை ஒன்றும் வரவில்லை. வந்திருந்தால் வினோஜனுக்குச் சுகமாயிருந்திருக்கும். அண்ணை வேலைக்குப் போனார், வந்தார், கோப்பையைக் கழுவி வைத்தார். சாப்பாடு பாதியாகக் குறைந்தது. "என்ன செய்யுது இந்த மனுசனுக்கு? உம்மட்டை ஏதும் சொன்னவரோ?" என்று அண்ணி வினோஜனிடம் கேட்டார். "இல்லை அண்ணி" என்றான். ஒரு பொய்யை மூட இன்னொரு பொய்.

கிழமைக் கடைசியில் ஒரு காலை, பஸ் தரிப்பில் இருவரும் தனியே நின்றபோது அண்ணை கேட்டார். குரலில் கோபம் இருக்கவில்லை. உண்மையாகவே அறிய விரும்புகிற ஆளின் குரல் அது.

"ஆரடா சொன்னது, தட்டினா விடவேணும் எண்டு?"

"அண்ணை…"

"உனக்கு நான் என்ன சொன்னனான்? தெரியாது எண்டெல்லோ சொன்னனான். ஏழு வருசமா எனக்குத் தெரியாததை நீ எப்பிடி முடிவெடுத்தனீ?"

"விளையாட்டுக்கு ஒரு விதி வேணும் அண்ணை. இல்லாட்டி ஆக்கள்…" சொல்லும்போதே நாக்குக் கூசியது.

அண்ணை தலையை ஆட்டினார். "விதி" என்றார். பஸ் வந்தது. ஏறி, முன்னால் தனியே நின்றுகொண்டார்.

வேலைக்குப் போனதும் வினோஜன் நேரே பற்றிக்கிடம் போய், அந்தக் காட்சியை எடுத்துவிடவேணும் என்றான். பற்றிக் முதலில் சிரித்தான். முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினான்.

"ஏன்?"

"அது என்னுடையது இல்லை. என் அண்ணனுக்கு நடந்தது. ஒருத்தருக்கும் சொல்லமாட்டேன் என்று ஒப்புக்கொண்டிருந்தேன்."

"சும்மா யோசித்தேன் என்று சொன்னாயே?"

"பொய் சொன்னேன்."

பற்றிக் எழும்பிக் கதவைச் சாத்தினான். கண்காட்சியில் ஸ்பீக்கரைத் திருகியது தான்தான் என்று அவனுக்கு நினைவு வந்திருக்கவேண்டும். முகம் சிவந்துவிட்டது. "முழு விளையாட்டில் எடுத்துவிடுகிறேன்" என்றான். "சத்தியமாக. ஆனால் டெமோ கையைவிட்டுப் போய்விட்டது. சஞ்சிகையோடு சேர்த்துக் கொடுக்கிற டிஸ்க்கில் அடித்து முடித்தாயிற்று. கடைகளுக்குப் போகுது. திருப்பி எடுக்க ஏலாது, வினோஜன்."

அது போய்த்தான் சேர்ந்தது. கியூபெக் முழுக்க எத்தனை வீடுகளில், எத்தனை பேர் தெரியாத விரல்கள் அந்தப் பட்டனை அமத்தியிருக்கும் என்று வினோஜன் கணக்குப் பார்க்கத் தொடங்கினான். பிறகு பார்க்கப் பயந்து விட்டுவிட்டான்.

சஞ்சிகையை வீட்டுக்குக் கொண்டுவந்தது அண்ணிதான். தெருமூலைத் தெப்பனேர்க் கடையில் பால் வாங்கப் போனவர் அட்டையில் லொறிப் படத்தைக் கண்டு வாங்கி வந்திருந்தார். சாப்பாட்டு மேசையில் விரித்துவைத்தார்.

"இஞ்சாருங்கோ, கண்காட்சியில பேனையோட நிண்ட அந்த மனுசன் எழுதியிருக்கிறான். 'மடாம்' எண்டு போட்டிருக்கு, அது நான்தான். தம்பி, வாசிச்சுத் தமிழிலை சொல்லும்."

"பேந்து வாசிக்கிறன் அண்ணி. சோறு ஆறுது."

"வாசி" என்றார் அண்ணை.

வினோஜன் வாசித்தான். 'லா பாஷ்' டெமோவைப் பார்த்து யோசெப் எழுதிய முதல் அபிப்பிராயம். கிராஃபிக்ஸில் சொல்ல ஒன்றுமில்லை, இரண்டு வருடம் பழசு, முகங்கள் கரடுமுரடு. ஆனால் இந்த வருடம் எத்தனையோ விளையாட்டுகளில் எல்லாவற்றையும் பார்த்தேன், எங்குமே போகவில்லை. இதில் எதையும் பார்க்கவில்லை, ஆனால் உள்ளேயிருந்து வெளியே வர முடியவில்லை. கண்ணை ஏமாற்றுவது சுலபம், கையை ஏமாற்றுவதுதான் வித்தை. இதைச் செய்தவர்களுக்கு அந்த இருட்டு எப்படிக் கிடைத்தது என்று தெரியவில்லை.

அந்த இடத்தில் நிறுத்தினான்.

"மிச்சத்தையும் வாசி."

"மண்டபத்தில ஒரு மடாம் சொன்னவ…" வினோஜன் தாளைப் பார்த்துக்கொண்டே முடித்தான். "தட்டினா விடவேணும் எண்டது சின்னப்பிள்ளைக்கும் விளங்கும் எண்டு."

"பாத்தீங்களே!" என்று அண்ணி கையைக் கொட்டினார்.

அண்ணை கோப்பையைத் தள்ளி வைத்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்து அண்ணிக்கு எதிரில் இருந்தார்.

"ஜெகதி, உம்மட்டை ஒண்டு சொல்லவேணும்."

"அண்ணை, பிழை முழுக்க என்னிலை. நானே சொல்லுறன்" என்று வினோஜன் எழும்பினான்.

"நீ சொன்னது காணும். வெளியில போய் நில். இந்த முறை நான் சொல்லுறன்."

அவன் கதவைத் திறந்து வெளிப்படிக்கட்டுக்குப் போனான். கார்த்திகை மாதத்துப் பின்னேரம். மழையும் இல்லாமல் பனியும் இல்லாமல் ஏதோ ஒன்று சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. இரும்புப் படியில் குந்தினான். யன்னலால் அண்ணியின் முதுகு மட்டும் தெரிந்தது. அண்ணையின் கை மேசைமேல் இருந்தது. ஒரு சத்தமும் வெளியில் வரவில்லை. ஒருதரம் அண்ணி சட்டென்று எழும்பி, பிறகு திரும்ப இருந்தார்.

கதவு திறந்து அண்ணி வந்தபோது அவனுக்கு விரல்கள் மரத்துப்போயிருந்தன. அவனுடைய கோட்டைக் கொண்டுவந்து மடியில் போட்டார். கண் சிவந்திருந்தது.

"என்னை ஏன் அதில இருத்தினீர்?"

"அண்ணி, நான் வரவேண்டாமெண்டு…"

"வடிவாயிராது எண்டு சொன்னீர். வரவேண்டாமெண்டு சொல்லேல்லை." மூச்சு வாங்கினார். "அந்த மனுசன் பின்னால நிக்க, சின்னப்பிள்ளைக்கும் விளங்கும் எண்டு சொல்லவைச்சிட்டீர் என்னை. அதைப் பிறகு வேற பாஷையிலயும் சொன்னீர். இண்டைக்குத் திரும்பியும் வாசிச்சீர். அந்தச் சொல்லை நான் எங்கை கொண்டுபோய்க் கொட்டுறது?"

அண்ணி படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"இத்தனை வருசம் பக்கத்தில படுத்தவள் நான். என்னட்டைச் சொல்லாததை உம்மட்டை ஏன் சொன்னவர்?"

"தெரியாது அண்ணி. இருட்டாயிருந்தது. நான் ஒண்டும் கேக்கேல்லை. அதாலயாக்கும்."

அண்ணி தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். "உள்ளுக்கு வாரும். தடிமன் பிடிக்கும்" என்றார். மன்னித்துவிட்ட குரல் அல்ல. வீட்டில் இருக்கிற ஒருவருக்குச் சொல்லவேண்டியதைச் சொன்ன குரல்.

அதன் பிறகு நடந்தவற்றில் பாதி அவனுக்குத் தெரியாது. இறந்தவரின் பெயர் ஞானேந்திரன் என்பதும், அவருடைய தங்கை நகரத்தின் வடக்கே மொன்ட்ரியால்-நோரில் இருக்கிறார் என்பதும், அண்ணை இவ்வளவு காலமும் அந்தப் பக்கத்துப் பஸ்ஸிலேயே ஏறாமல் இருந்தார் என்பதும் அண்ணி சொல்லித்தான் அவன் அறிந்தான். முகவரியை அண்ணிதான் தொழிற்சாலைப் பெண்களிடம் விசாரித்து எடுத்தார்.

நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய ஒரு ஞாயிறு. அண்ணை முகம் வழித்து, நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு நின்றார். வினோஜனும் கோட்டை எடுத்தான்.

"நீ வரத் தேவையில்லை" என்றார் அண்ணை.

"அண்ணை, நானும் வந்து ஒரு மன்னிப்பு…"

"அவவுக்கு உன்னை ஆரெண்டு சொல்லுறது?"

அவர்கள் படியிறங்கிப் போவதை யன்னலால் பார்த்தான். வழுக்குகிற இடத்தில் அண்ணி அண்ணையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அன்றைக்கு முழுப் பகலும் அவன் வீட்டில் இருந்தான். ரீவி போடவில்லை. தேத்தண்ணி போட்டு, குடிக்க மறந்து, ஊற்றினான். அவர்கள் அந்த வீட்டுக் கதவைத் தட்டுவதை நினைத்தான். அண்ணை எங்கே இருப்பார், எப்படித் தொடங்குவார், தட்டிய இடத்துக்கு வரும்போது கையைக் காட்டுவாரா என்று நினைத்தான். நினைக்க நினைக்க அந்த அறை, அந்தக் கதிரைகள், அந்தப் பெண்ணின் மூச்சு எல்லாம் மனதில் எழும்பி வந்தன. இன்னொரு காட்சியைக் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்று உறைத்ததும் எழும்பிக் குசினிக்குப் போய்ப் பாத்திரங்களைக் கழுவத் தொடங்கினான்.

மாலையில் இருவரும் வந்தார்கள். அண்ணை சப்பாத்தைக் கழற்றி, பனியைத் தட்டி, பாயில் வைத்தார். முகம் களைத்திருந்தது. ஆனால் கண்காட்சி நாளிலிருந்து இருந்த அந்த இறுக்கம் கொஞ்சம் விட்டிருந்தது.

"சொன்னனாங்கள்" என்றார்.

வினோஜன் காத்து நின்றான். அந்தத் தங்கை என்ன சொன்னார்? அழுதாரா? திட்டினாரா? தன் தமையன் தட்டிய தட்டுக்கு அர்த்தம் தெரிந்த ஒருவர் உலகத்தில் இருந்தால் அது அவர்தானே? கேள்வி நாக்கு நுனிவரைக்கும் வந்தது.

அண்ணை அவனை ஒருதரம் பார்த்தார். சொல்ல நினைத்ததுபோலத்தான் இருந்தது. பிறகு திரும்பி, கோட்டைக் கொழுவப் போனார்.

இது இனித் தன்னிடம் தரப்படாத கதை என்று வினோஜனுக்கு விளங்கியது. அவன் கேட்கவில்லை.

'லா பாஷ்' முழுதாக வெளிவரவேயில்லை. அடுத்த இளவேனிலுக்குள் பற்றிக்கின் கொம்பனி மூடிவிட்டது. டெமோவில் எல்லாரும் புகழ்ந்த அந்தக் காட்சி இல்லாத விளையாட்டை வெளியிட யாரும் முன்வரவில்லை. பற்றிக் தன் சொல்லைக் காப்பாற்றினான், அதனால் விழுந்தான், ஒருநாளும் அதைப் பற்றி வினோஜனைக் குறை சொல்லவில்லை. வினோஜன் வேறொரு இடத்தில், விளையாட்டுகளோடு சம்பந்தமில்லாத வேலைக்குப் போனான். அண்ணையும் அண்ணியும் மாதத்தில் ஒரு ஞாயிறு மொன்ட்ரியால்-நோருக்குப் போய்வரத் தொடங்கினார்கள். போகும்போது அண்ணி ஏதாவது சமைத்துக்கொண்டு போவார். வரும்போது அந்தச் சட்டியில் வேறு ஏதாவது இருக்கும். அவர்கள் அவனுக்கும் அதில் பங்கு வைப்பார்கள். அவன் தலை குனிந்து சாப்பிடுவான்.